ஏழாம் கேள்விக்குப் பதில்

அத்தியாயம் 11

சென்ற வாரம் நான் வைத்த இடத்திலேயே அந்த மருத்துவக் காப்பீட்டுப் படிவம் இருந்தது. கைப்பையின் உள்ளறையில், நான்காக மடித்து, ஏழாம் கேள்விக்கு எதிரே இருந்த இரண்டு கட்டங்களும் வெறுமையாக.

இரவு ஏரியிலிருந்து கிளம்பிய பனி விடிந்த பிறகும் போகவில்லை. ஸர்ஸூனாவில் எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலில் நின்றால் கால்வாய் தெரியும், அக்கரையில் பிஸெர்த் நகரம் தெரியும். இன்று இரண்டுமே இல்லை. எங்கோ ஒரு கப்பல் மட்டும் ஊதிக்கொண்டிருந்தது, வழி கேட்கிற மாதிரி.

அம்மா பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். பயணத்துக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கிறது. மஸ்கட்டில் என் தம்பி வஜ்தியின் மனைவிக்கு இது தலைப்பிரசவம். பிள்ளை பிறந்து ஆறு மாதம் அம்மா அங்கே இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. பெட்டியில் அவள் துணிக்கே இடமில்லை. வறுத்து அரைத்த பார்லி மாவு, மிளகாய் விழுது, அத்திப்பழம். அவற்றுக்கு நடுவே, அவள் பின்னிய குட்டிக் காலுறைகள் ஆறு ஜோடி.

“அங்க குளிரே கிடையாதும்மா.”

“ஏசி இருக்கும்ல. பிள்ளைங்களுக்குக் கால்தான் முதல்ல குளிரும்.” ஒரு காலுறையை விரலில் மாட்டிப் பார்த்தாள். “நேத்து ஒரு கனவு, இம்தினான். அந்த ஊர்க் கடற்கரையில நடந்து போறேன். வஜ்தியோட குழந்தை எதிர்ல வருது. வந்து நின்னு எங்கிட்ட அடையாள அட்டை கேக்குது.”

“குடுத்தியா?”

“பையில தேடறேன், தேடறேன், கெடைக்கவே இல்ல. அது பாட்டுக்குக் கையை நீட்டிக்கிட்டு நிக்குது. முழிச்சுட்டேன்.”

சிரித்தாள். நானும் சிரித்தேன். இருபத்தேழு வருடம் நகராட்சியில் அடையாள அட்டை பார்த்துக் கையெழுத்துக்குச் சான்று கொடுத்தவளின் கனவு வேறெப்படி இருக்கும்.

நடையில் பாபா, என் அப்பா, நின்றுகொண்டிருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். உயரத்திலிருந்து கீழே இருப்பவர்களுக்குச் சைகை காட்டியே பழகிவிட்டார். புருவத்தைத் தூக்கினார். நான் வெளியே போனேன்.

“போட்டியா?”

“இல்ல பாபா.”

“‘இல்லை’ங்கற கட்டத்துல ஒரு கோடு. அதுக்கு ஒரு வாரமா?”

“ரவ்தா மேடம் சொன்னாங்கல்ல? நாம மறைச்சது அங்க போய்த் தெரிஞ்சா இன்ஷூரன்ஸ்காரன் ஒண்ணுமே தர மாட்டான். அப்புறம் ஏதாவதுன்னா அம்மாவை ஆஸ்பத்திரி வாசல்ல வெச்சுக்கிட்டு வஜ்தி என்ன பண்ணுவான்?”

“எப்படித் தெரியும்? மூணு வருஷம் ஆச்சு. வஜ்தியும் ‘இல்லை’ன்னே போடச் சொல்றான்.”

“உடம்புல தழும்பு இருக்கே.”

பாபா சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தை நகத்தால் சுரண்டினார். ரொம்ப நேரம் சுரண்டினார்.

“எங்கக்காவுக்கு அந்தப் பேரை டாக்டர் முகத்துக்கு நேரா சொன்னான்,” என்றார். “அன்னியோட சாப்பாட்டை விட்டா. நாப்பது நாள்தான் இருந்தா.”

எங்கள் ஊரில் அந்த நோயின் பெயரை யாரும் சொல்வதில்லை. ‘அந்தக் கெட்டது’ என்போம். சொல்லிவிட்டு, நம்மைவிட்டு விலகிப் போகட்டும் என்று சேர்த்துக்கொள்வோம். அது வந்தவரிடம் அதைக்கூடச் சொல்வதில்லை. மூன்று வருடத்துக்கு முன் அம்மாவின் இடது மார்பில் கத்தி வைத்தபோது, தீங்கில்லாத கட்டி என்றோம். பிறகு வாரக்கணக்கில் கதிர்வீச்சு கொடுத்ததை, தழும்பு ஆறுவதற்கு ஒரு வெளிச்சம் என்றோம். டாக்டர், நர்ஸ், வஜ்தி, பாபா, நான் எல்லாரும் ஒரே வார்த்தைகளைச் சொன்னோம். ஒத்திகை பார்த்துக்கொண்ட மாதிரி.

நான் மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். அம்மா எதையும் படிக்காமல் விடமாட்டாள் என்பதால், ஒவ்வொரு மாத்திரைப் பெட்டிக்குள்ளிருந்தும் விவரத்தாளை உருவிவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவேன். “இந்த நாட்டுல காகிதத்துக்கும் பஞ்சம் வந்துடுச்சா?” என்று கேட்டாள் ஒருமுறை. ஆமாம் என்றேன்.

“அவளுக்குத் தெரியக்கூடாது,” என்றார் பாபா. “நீ எதை வேணா போடு. அவளுக்குத் தெரியக்கூடாது.”

அம்மா உடை மாற்றப் போனபோது, சமையலறை மேசையில் படிவத்தை விரித்தேன். இடப்புறம் ஆங்கிலம், வலப்புறம் அரபு. ‘உங்களுக்குப் புற்றுநோய் எப்போதாவது இருந்ததுண்டா?’ ‘ஆம்’ என்ற கட்டத்தில் கோடு போட்டேன். கீழே ஆஸ்பத்திரி, மாதம், வருடம், சிகிச்சை. என் கையெழுத்து எனக்கே அந்நியமாக இருந்தது.

படிவம் நான்கு பக்கம். ஏழாம் கேள்வி மூன்றாம் பக்கத்தில். கையெழுத்து நான்காம் பக்கத்தில், நகராட்சி அலுவலர் முன்னால் போட்டு முத்திரை வாங்க வேண்டும். நகராட்சியில் திங்கட்கிழமை கூட்டம் நெரியும். பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்துவார்கள். அம்மா கடைசிப் பக்கத்தில் மட்டும் போட்டுவிடுவாள். இதுதான் என் திட்டம்.

அவள் அப்படிச் செய்வாள் என்று நான் உண்மையாகவே நம்பினேனா? இப்போது யோசித்தால், என் வாய்க்கு வராததைக் காகிதம் சொல்லட்டும் என்றுதான் அவளை அங்கே கூட்டிப்போனேன் என்று தோன்றுகிறது.

*

அக்கரையில் நகராட்சிக் கூடத்தில், அம்மா வேலை பார்த்த மூன்றாம் கவுன்ட்டரில் இப்போது துஹாமி உட்கார்ந்திருக்கிறான். அம்மாவிடம் வேலை கற்றவன். அவளைக் கண்டதும் எழுந்து நின்றான்.

“வாங்கக்கா. நீங்க போனப்புறம் ஒருத்தரும் படிக்கறதில்ல. வரிசை என்ன வேகமாப் போகுது பாருங்க.”

“அதான் ஊர்ல இத்தனை வழக்கு.”

அவள் காலத்தில், கையெழுத்துப் போட வருகிறவர்களை ‘படிச்சீங்களா?’ என்று கேட்பாள். இல்லை என்றால் எதிரே இருக்கும் பெஞ்சுக்கு அனுப்பிவிடுவாள். நிலம் விற்கிறவர், கல்யாணப் பெண், யாராக இருந்தாலும்.

இன்று அவளே போய் அந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு என்னிடம் கை நீட்டினாள்.

கொடுத்தேன்.

முதல் பக்கம். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண். எண்ணை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். இரண்டாம் பக்கம். ரத்த அழுத்தம், சர்க்கரை, இருதயம், எல்லாம் இல்லை. மூன்றாம் பக்கத்தைத் திருப்பினாள். விரல் வரிசையாக இறங்கி, ஒரு இடத்தில் நின்றது.

கூடத்தில் நூறு பேர் இருந்திருப்பார்கள். முத்திரை விழும் சத்தம், ஒரு குழந்தையின் அழுகை, யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது, எல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல இருந்தது. அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நகரவில்லை. நகத்தின் ஓரத்தில் காலையில் அடுக்கிய மிளகாய் விழுதின் சிவப்பு கொஞ்சம் ஒட்டியிருந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. வாசலில் பனி வெளுத்து, வெயிலாக மாறி, தரையில் ஒரு சதுரம் விழுந்திருந்தது.

பிறகு விரல் இறங்கியது. எட்டாம் கேள்வி. ஒன்பது. நான்காம் பக்கம் கடைசி வரி வரை.

“பேனா குடு,” என்றாள்.

கவுன்ட்டரில் துஹாமி வேடிக்கையாக, “படிச்சாச்சாக்கா?” என்றான்.

“படிச்சாச்சு.”

போட்டாள். அவன் முத்திரை குத்தினான். அவள் சொல்லிக்கொடுத்தபடி, கையெழுத்தின் வால் மேல் பாதி ஏறுகிற மாதிரி.

*

காப்பீட்டு முகவர் ரவ்தாவின் அலுவலகம் இரண்டு தெரு தள்ளி. நடந்தோம். அம்மாவோடு கை கோக்கப் போனேன். பையை அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

ரவ்தா படிவத்தைப் புரட்டினாள். மூன்றாம் பக்கத்தில் அவள் கண் பெரிதானது. அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “இம்தினான், ஒரு நிமிஷம் இப்படி வாயேன்,” என்று எழுந்து, கதவோரம் என் காதருகே குனிந்தாள்.

“காதுல சொல்லாதம்மா,” என்றாள் அம்மா, நாற்காலியில் அசையாமல். “எனக்கு ரெண்டு காதும் நல்லாக் கேக்குது.”

ரவ்தா திரும்பி வந்து உட்கார்ந்தாள். மேசை மேலிருந்த கிளிப்புகளை ஒரு பக்கம் ஒதுக்கினாள்.

“ஒண்ணுமில்ல அக்கா. ‘ஆமா’ன்னு போட்டிருக்கறதால, அவங்க புதுசா ஒரு ஸ்கேன் கேப்பாங்க. மூணு மாசத்துக்குள்ள எடுத்ததா இருக்கணும். கடைசியா எப்ப எடுத்தீங்க?”

அம்மா என்னைப் பார்த்தாள். காலையிலிருந்து அப்போதுதான் முதல் தடவையாக.

“ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்கும்,” என்றேன்.

“அவ்வளவு நாளா விட்டீங்க?” ரவ்தா நாக்கைக் கடித்துக்கொண்டாள். “சரி. படம் சுத்தமா இருந்தா, கொஞ்சம் கூடப் பணம் கட்டி இன்ஷூரன்ஸ் எடுத்துக்கலாம். நானே பேசி வாங்கித் தரேன். அப்படி இல்லைன்னா...”

“அப்படி இல்லைன்னா?” என்றாள் அம்மா.

“முதல்ல படத்தை எடுப்போம் அக்கா.”

*

காரில் வீடு திரும்பும் வழியில், கப்பல் போவதற்காகக் கால்வாய்ப் பாலத்தைத் தூக்கியிருந்தார்கள்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் முப்பது, நாற்பது வண்டி. எஞ்சினை அணைத்தேன். எல்லாரும் அணைத்தார்கள். பாலம் எழும்பி நிற்கிற நேரத்தில் இந்த ஊருக்கு ஒரு அமைதி வந்துவிடும். யாரும் எங்கும் போக முடியாது. சிலர் இறங்கி, பாலத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சிகரெட் பிடித்தார்கள்.

மிச்சமிருந்த பனிக்குள்ளிருந்து கப்பல் வந்தது. முதலில் முகப்பு, அப்புறம் ஒரு நீளமான சிவப்புச் சுவர். கட்டடங்களுக்கு நடுவே, தெருவில் நடந்து போவது போல, ஓசையில்லாமல். மேல்தட்டில் ஒருவன் துணி உலர்த்திக்கொண்டிருந்தான்.

“யார் யாருக்குத் தெரியும்?” என்றாள் அம்மா, கப்பலைப் பார்த்துக்கொண்டே.

“பாபா. வஜ்தி. நான்.”

“அப்புறம்?”

“பெரியம்மா.”

“அப்புறம்?”

“எதிர் வீட்டுல. மாடி வீட்டுல. மீன்காரர்.”

“மீன்காரனுக்குமா?” தலையை மெல்ல ஆட்டினாள். “அதான் அந்த வருஷம் நல்ல மீனா எடுத்து வெச்சான். நான் என் மொகத்துக்காகத்தான்னு நினைச்சேன்.”

சிரிக்கலாமா என்று தெரியாமல் இருந்தேன். அவள் சிரிக்கவில்லை.

“நீ நம்பினியாம்மா? கட்டின்னு சொன்னதை?”

யோசித்தாள். கப்பலின் பாதி கடந்திருந்தது.

“நம்பினேன்னு சொல்ல முடியாது. நம்பாமயும் இல்ல. நீங்க எல்லாரும் அவ்வளவு அக்கறையா ஒரே மாதிரி சொன்னீங்க. அதைப் போய்க் கேள்வி கேக்கறது மரியாதையா இருக்காதுன்னு தோணிச்சு.” என் பக்கம் திரும்பினாள். “டாக்டர் வருஷா வருஷம் வரச் சொன்னார்ல.”

“ஆமா.”

“கட்டிதான் போயிடுச்சே, எதுக்கு வீணாப் போகணும்னு நான் வரலேன்னு சொல்லிட்டேன். போன வருஷமும். அதுக்கு முந்தின வருஷமும். சிரிச்சுக்கிட்டே சொன்னேன். நீங்க மூணு பேரும் பார்த்துக்கிட்டு நின்னீங்க.”

“கட்டாயம் போகணும்னு சொன்னா, ஏன்னு நீ கேப்பியோன்னு பயம்.”

“கேட்டிருப்பேன்.”

அந்த இரண்டு வருடமும் காருக்குள் எங்களோடு உட்கார்ந்திருந்தது. மாத்திரைத் தாள்களை உருவிய என் விரல்களைப் பார்த்தேன். அவளைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் நினைத்தோம். ஒவ்வொரு முறை நினைத்தபோதும் அது உண்மையாக இருந்தது.

“ஏண்டி என்னைக் குழந்தையாக்கினீங்க?” என்றாள். குரல் உயரவில்லை. “உங்களை எல்லாம் வளர்த்தவ நான். ஊர்ல ஒருத்தரைக்கூடப் படிக்காம கையெழுத்துப் போட விடாதவ. என் வீட்டுல, என் உடம்பைப் பத்தி...”

முடிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். நான் அழுதேன். அவள் அழவில்லை, ஆனால் இந்த முறை என் கையைத் தள்ளவில்லை.

கப்பலின் பின்புறம் கடந்து போனது. நீர் வெகுநேரம் ஆடிக்கொண்டிருந்தது. பாலம் இறங்க ஆரம்பித்தது.

“பாபாவுக்கு நான் படிச்சது தெரியக்கூடாது,” என்றாள்.

“அம்மா.”

“கேளு. அவர் ராத்திரியில எழுந்து நான் மூச்சு விடறேனான்னு பார்ப்பார். வயசாயிடுச்சு, தூக்கம் வரலேன்னு நினைச்சேன். மூணு வருஷமா அதைத்தான் பண்ணிட்டு இருந்திருக்கார், பாவம். எனக்குத் தெரியாதுங்கறதுதான் அவருக்கு இருக்கற ஒரே ஆறுதல். அதை நான் பிடுங்க மாட்டேன். மஸ்கட் போற வரைக்குமாவது.”

“போவியா?”

“படம் எடுக்காம எனக்கெப்படித் தெரியும்?”

முன்னாலிருந்த வண்டிகள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கின. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். நான் இன்னும் சாவியைத் தொடவில்லை.

“எடு வண்டியை,” என்றாள் அம்மா. “பீன்ஸ் ஊறிக்கிட்டு இருக்கு.”

*

சாப்பிடும்போது பாபா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் கேட்டார்: “ஃபாரம் குடுத்தாச்சா?”

“குடுத்தாச்சு,” என்றாள் அம்மா. “வயசானவங்கன்னா முட்டியைப் படம் எடுத்துக் காட்டணுமாம். ஒரு ஸ்கேன் எடுக்கச் சொன்னா ரவ்தா.”

“முட்டிக்கா?”

“படி ஏறும்போது வலிக்குதுன்னு அவகிட்ட சொல்லிட்டேன். என் தப்புதான். உண்மையைச் சொன்னா இப்படித்தான் இழுத்து விடறாங்க.” குழம்பை அவர் தட்டில் ஊற்றினாள். “காரம் பத்துதா?”

“பத்துது, பத்துது.”

பாத்திரங்களை எடுத்துப் போனபோது பாபா என் பின்னாலேயே சமையலறைக்கு வந்து, குழாயைத் திறந்துவிட்டார், பேச்சு வெளியே கேட்காமல் இருக்க.

“‘ஆமா’ன்னு போட்டுட்டே.”

“ஆமா பாபா.”

கோபத்தை எதிர்பார்த்து அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை. கிரேனிலிருந்து இறங்கி வீட்டுக்கு வருகிற நாட்களில் தோளை ஒருமுறை உதறிக்கொள்வார். அதைச் செய்தார்.

“அவ படிக்கலியே?”

தட்டைக் கழுவினேன். கழுவிய தட்டையே மறுபடி கழுவினேன்.

“கூட்டமா இருந்துது. கையெழுத்து மட்டும் போட்டாங்க.”

“முட்டின்னு சொன்னது நீதானே?” என் தலையில் கை வைத்தார். ஈரக் கை. “நல்ல யோசனை. அப்படியே என் மூளை உனக்கு. பாரு, கொஞ்சம்கூடச் சந்தேகமே வரல அவளுக்கு.”

அந்தக் கை தலையில் இருந்த நேரம் முழுக்க நான் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலை வரை ஒருவரிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது இன்னொருவரிடம். இருவரும் ஒரே கட்டிலில் படுக்கிறவர்கள்.

பாபா மதியத் தூக்கத்துக்குப் போனார். சில நிமிடத்தில் குறட்டை கேட்டது. மூன்று வருடத்தில் அவர் பகலில் இப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

அம்மா பெட்டி இருந்த அறையில், கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். கையில் போன். நான் வாசல் நிலையில் சாய்ந்து நின்றேன். போகச் சொல்லவில்லை. ஸ்கேன் எடுக்கும் இடத்தின் எண்ணை ரவ்தாவின் சீட்டைப் பார்த்து, ஒவ்வொரு இலக்கமாக அழுத்தினாள். அவள் போன் எப்போதும் உரக்கப் பேசும். எதிர்முனையில் இருந்த பெண்ணின் குரல் எனக்கும் கேட்டது. சின்ன வயசுக் குரல்.

அம்மா தன் பெயரைச் சொன்னாள், பிறந்த தேதியைச் சொன்னாள், உடம்பில் எந்த இடத்துக்கு ஸ்கேன் என்று சொன்னாள். வியாழக்கிழமை காலை எட்டு மணி காலியாக இருப்பதாக அந்தப் பெண் சொன்னாள்.

“நோயாளிக்கு நீங்க என்ன வேணும் மேடம்?”

“நெருங்கின உறவு.”

“சரிங்க மேடம்.” அந்தக் குரல் தணிந்தது. ரொம்பக் கருணையாகத் தணிந்தது. “இதை எல்லாரையும் கேக்கறதுதான், தப்பா நினைக்காதீங்க. அவங்களுக்கு விஷயம் தெரியுமா? தெரியாதுன்னா சீட்டுல வேற மாதிரி எழுதிடுவோம். நாங்களும் பார்த்துப் பேசிக்குவோம்.”

அம்மா ஜன்னலைப் பார்த்தாள். பனி முழுவதும் போய்விட்டிருந்தது. கால்வாய், பாலம், அக்கரையில் வெள்ளை வீடுகள், எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. அந்தப் பெண் பொறுமையாகக் காத்திருந்தாள். இப்படிப்பட்ட மௌனங்கள் அவளுக்குப் பழக்கமாக இருக்க வேண்டும்.

“இன்னிக்குக் காலையிலதான் தெரிஞ்சுது,” என்றாள் அம்மா. “உள்ளபடியே எழுதும்மா. வியாழக்கிழமை அவளே வருவா.”